நான் சேர்த்துப் படித்த ஒரு வரி

என் அப்பாவின் மருத்துவக் குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டியபோது, அதில் இல்லாத ஒரு வரியை நான் சேர்த்துப் படித்தேன். 'மலைப் பக்கமே போகக் கூடாது' என்பது அந்த வரி. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மகன் படித்ததை அப்படியே நம்பினார். 2018 ஆகஸ்டில் நடந்தது இது. 2021 தை மாதம் அவர் இறந்தார். அதுவரை அந்த வரி பொய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் என்னை நல்ல மகன் என்கிறார்கள். "அப்பாவை அப்படிப் பாத்துக்கிட்டான்" என்று உறவு வீடுகளில் என்னை உதாரணம் காட்டுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது, சொன்ன பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். அதனால் எழுதுகிறேன். அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் நான் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்பது விளங்காது. எனவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

போடிநாயக்கனூரில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். தாத்தா சிறிய அளவில் ஆரம்பித்ததை அப்பா பெரிதாக்கினார். மேலே இடுக்கி மலைகளில், வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறைத் தோட்டங்களில் விளையும் காய், புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்த காயை எங்கள் கிட்டங்கியில் சலித்து, தரம் பிரித்து, மூட்டை போட்டு டெல்லிக்கும் மும்பைக்கும் இந்தூருக்கும் அனுப்புவோம். ஆடி ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை மாசி வரைக்கும் போகும். அந்த மாதங்களில் எங்கள் தெரு முழுக்க ஏலக்காய் வாசம்தான்.

அப்பாவின் கைதான் எங்கள் கடையின் மூலதனம். சாம்பிள் வந்ததும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புவார். முதலில் நிறம் பார்ப்பார். பிறகு ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார். காய்ச்சல் சரியாக இருந்தால் உள்ளே விதை ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் நகத்தால் தோலைக் கீறி விதையை வெளியே எடுப்பார். விதை கறுத்து, லேசான பிசுபிசுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் முற்றிய காய். வெளுத்திருந்தால் பிஞ்சில் பறித்தது. இரண்டு விதையை வாயில் போட்டு மெல்லுவார். அவ்வளவுதான், விலை சொல்லிவிடுவார். எட்டு எம்எம் சல்லடையில் எத்தனை நிற்கும், ஏழில் எத்தனை விழும் என்பதும் அந்த ஒரு பிடியிலேயே அவருக்குத் தெரியும். தோட்டக்காரர்கள் பலர், "மொதலாளி பாத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் விலை பேசுவார்கள்.

காயைப் பச்சையாகக் காட்டச் சாயம் ஏற்றும் பழக்கம் இந்தத் தொழிலில் இருந்தது. அதிகாரிகள் சோதனை போட்டுப் பிடித்ததும் உண்டு. சாயம் போட்ட காய்க்கு வடக்கே நல்ல விலை கிடைத்த ஒரு பருவத்தில், நாமும் கொஞ்சம் வாங்கி விற்கலாமே என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டி, "அவரு முன்னாடி உக்காந்துதான தம்பி எடை போடுறோம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய பக்தி அப்படிப்பட்டது. தனியாக ஒரு நேரம் ஒதுக்கிச் செய்வதில்லை. சஷ்டி விரதம், கார்த்திகை விரதம், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, எல்லாம் உண்டு. ஆனால் விரத நாளில் கடையில் காட்டும் அதே நிதானத்தை மற்ற நாளிலும் காட்டுவார். தரம் பிரிக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரிதான். கூலி கொடுத்து முடிக்காமல் அவர் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை. எதையாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் செய்வார். விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார். இரண்டுக்கும் சாமி சாட்சி. இந்தக் குணத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அவருடைய இன்னொரு கோயில் மலை. போடியில் பிறந்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது பார்க்கிற பொருள். அப்பாவுக்கு அது போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு, கூட்டாளியோடு குரங்கணிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து நடை. சில வாரம் கொட்டகுடிப் பக்கம், சில வாரம் டாப் ஸ்டேஷன் பாதை. வேலை அதிகமுள்ள நாட்களில் அணைப்பிள்ளையார் அருவி வரைக்குமாவது போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வருவார்.

எங்களையும் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறார். நடக்கும்போது அதிகம் பேச மாட்டார். ஆனால் கொட்டகுடி வந்ததும் தவறாமல் ஒரு கதை சொல்லுவார். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டி கட்டிப் போடிக்கு வரும். 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது, மறுபடி போடவே இல்லை. "அம்புட்டுப் பெரிய கம்பெனி, ஒரு மழையில போச்சு பாத்தியா" என்று முடிப்பார். வியாபாரிக்கு மழை பற்றிய பயம் வேண்டும் என்பது அவர் எங்களுக்குச் சொல்ல வந்த பாடம். எனக்கு அது அப்போது வெறும் கதைதான்.

மலையில் அவருக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பூத்து, விதை விட்டதும் செடி செத்துப்போகும். அந்த விதையிலிருந்து முளைத்து வருவதுதான் அடுத்த பூப்பு. மூணாறு மலைகளில் 1982, 1994, 2006 என்று அந்தக் கணக்கு ஓடியது. 1982-ல் அப்பா கூட்டாளிகளோடு போய்ப் பார்த்தார். 1994-ல் அம்மாவையும் எங்களையும் கூட்டிப் போனார். 2006-ல் என் மனைவியும் வந்தாள். கைக்குழந்தையாக இருந்த என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டினார்.

2006-ல் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுக்குமலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பா இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயில் பிராகாரத்துக்குள் நுழையும்போது செய்வது அது. செருப்பைப் பாறை ஓரம் கழற்றி வைத்தார். சரிவு முழுக்க ஊதா நீலம். மற்றவர்கள் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு பூவையும் தொடவில்லை. குனிந்து, ஒரு கிளையின் கீழே உள்ளங்கையை ஏந்தினார். தானாக உதிர்ந்த ஒரு பூ விழுந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செடியின் வேரிலேயே போட்டார். "முருகன் மலையில முருகன் பூ. இது தரிசனம், தம்பி. பறிக்கப்படாது" என்றார். அடுத்த தரிசனம் 2018 என்று அப்போதே கணக்குப் போட்டார். அதன்பிறகு கடையில் புதுக் காலண்டர் மாட்டும்போதெல்லாம், இன்னும் இத்தனை வருசம் என்று சொல்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

2018 வந்தது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீப்பிடித்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த இளம் வயதினர். குரங்கணி ஊர்க்காரர்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று இரவு போடி அரசு மருத்துவமனை வாசலில் ஊரே நின்றது. அப்பாவும் நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். "மாசி பங்குனியில புல்லு காஞ்சு கெடக்கும், அந்தச் சரிவுல யாரும் எறங்க மாட்டோமே" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். தீக்குப் பிறகு வனத்துறை நடைபாதைகளை மூடியது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன.

மே மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 68. நன்றாகத் தேறினார். ஆகஸ்டு தொடக்கத்தில் மறுபரிசோதனைக்குப் போனோம். டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். அப்பா ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் மருத்துவர் என்னை அழைத்துப் பேசினார். தெளிவாகச் சொன்னார்: தினமும் நடக்கட்டும், நடப்பதுதான் அவருக்கு நல்லது. மலைக்குப் போவது பழக்கம் என்றால் தனியாகப் போக வேண்டாம், செங்குத்தாக ஏற வேண்டாம், நின்று நின்று மெதுவாகப் போகட்டும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும். இதையே ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் நின்றாள். "என்ன எழுதியிருக்காரு, படி தம்பி" என்றார். நான் கோப்பைத் திறந்தேன். மாத்திரைகளை ஒழுங்காகப் படித்தேன். உப்பு, எண்ணெய் பற்றி இருந்ததைப் படித்தேன். நடையைப் பற்றிய வரி வந்ததும், "வீட்டைச் சுத்தி, தெருவுல நடக்கலாம்" என்றேன். பிறகு, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மலைப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுதியிருக்காருப்பா" என்றேன். குரல் தடுமாறவில்லை. அந்த வரியை நான் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். வாய் தவறிச் சொன்னதில்லை, யோசித்துச் சொன்னது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஜீப்புல போனாலுமா?" என்று கேட்டார்.

"உயரம் ஒத்துக்காதுப்பா."

"சரி. டாக்டரு சொன்னாக் கேட்டுக்கிர வேண்டியதுதான்."

அவ்வளவுதான். வாதாடவில்லை. இன்னொரு மருத்துவரைக் கேட்கலாம் என்று சொல்லவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்குக்கூட நாலு பேரிடம் கேட்டு முடிவெடுக்கும் மனிதர், மகன் படித்துச் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் திருத்தவில்லை.

ஏன் செய்தேன்? இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்: பயம். நெஞ்சு வலி வந்த அப்பா, தீ எரிந்த மலை, எனக்குப் பயம் இருக்காதா என்று. பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயந்த மகன் என்ன செய்திருப்பான்? கூடப் போயிருப்பான். ஜீப் பிடித்து, மாத்திரையை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று பூவைக் காட்டிக் கூட்டி வந்திருப்பான். நான் அதைச் செய்யவில்லை, ஏனென்றால் என் கவலை அவர் நெஞ்சைப் பற்றியது அல்ல. கடையைப் பற்றியது.

அப்போது காய் விலை ஏறப் போகிறது என்று எனக்குப் பட்டது. கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காலம். ஆகஸ்டு நடுவில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. இடுக்கி முழுக்க மண் சரிந்தது, தோட்டங்கள் அழுகின. வெள்ளத்துக்கு முன்பே மழையின் போக்கைப் பார்த்து, சரக்கைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அதற்கு நல்ல காயாகப் பார்த்து வாங்க வேண்டும். சரியாகக் காயாததை வாங்கிக் கிட்டங்கியில் வைத்தால் நிறம் போய்விடும், பூஞ்சை பிடிக்கும். பார்த்து வாங்க அப்பாவின் கை வேண்டும். தோட்டக்காரர்கள் எங்களுக்குக் கொடுக்க அவருடைய வாக்கு வேண்டும். குறிஞ்சி பூக்கும் ஆவணி புரட்டாசியும் காய் வரத்து மிகுந்த ஆவணி புரட்டாசியும் ஒன்றுதான். அந்த மாதங்களில் அவர் மனசு மலையில் இருக்கும், ஒருமுறை போய் வந்தால் மறுமுறை போக வேண்டும் என்பார். அவர் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். உட்கார வைத்தேன்.

இதை அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். "அப்பா, இந்தப் பருவம் எனக்கு நீங்க கடையில வேணும்" என்று சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். குடும்பத்துக்காக அவர் எதையும் விட்டுக் கொடுத்தவர். தங்கையின் கல்யாணத்துக்காக ஆசையாக வாங்கிய நிலத்தை விற்றவர். ஆனால் கேட்டால், அது அவர் எனக்குச் செய்த உதவியாகிவிடும், நான் கடன்பட்டவனாவேன். பொய் சொன்னால், நான் அவரைக் காப்பாற்றிய மகனாகிவிடுவேன். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. வேண்டியதையும் எடுத்துக்கொண்டு, நல்ல பெயரையும் எடுத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்து புரட்டாசியில் கொழுக்குமலையில் பூத்தது. பேப்பரில் படம் வந்தது. செய்தி வந்த பக்கத்தை அப்பா மடித்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். சூரியநெல்லியிலிருந்து ஜீப்கள் ஓடுகின்றன என்று கூட்டாளி வந்து சொன்னார். அன்று கடை சாத்தும் நேரத்தில் அப்பா என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாப்பமா? நடக்க மாட்டேன். ஜீப்புலயே உக்காந்து பாத்துட்டு வந்துர்றேன்."

எனக்கு அது இரண்டாவது வாய்ப்பு. போன் போட்டிருந்தால் மருத்துவர் போகச் சொல்லியிருப்பார். நான் மறுநாள், போன் போட்டதாகவும், அவர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொன்னதாகவும் சொன்னேன். முதல் பொய்யையாவது ஒரு காகிதத்தை வைத்துச் சொன்னேன். இதற்கு அதுவும் இல்லை. அப்பா "சரிப்பா" என்றார். அந்த மாதம் வந்த காயெல்லாம் அவர் கை பட்டுத்தான் கிட்டங்கிக்குள் போனது.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்றும் நடந்தது. அவர் அந்தத் தடையை விரதத்தைப் போலக் கடைப்பிடித்தார். நான் சொன்னது மலைகளைப் பற்றி. அவர் மேடு என்று எதெல்லாம் இருந்ததோ எல்லாவற்றையும் விட்டார். ஊருக்குள் இருக்கும் பரமசிவன் மலைக்கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் படி ஏறிப் போனவர், அடிவாரத்திலேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பழனிக்குப் பாதயாத்திரையும் போகவில்லை, மலை ஏற வேண்டுமே என்று. அணைப்பிள்ளையார் அருவிக்கும் போகவில்லை. "அதெல்லாம் போகலாம்ப்பா" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னால், அப்படியென்றால் எது வரைக்கும் போகலாம் என்று கேட்பார். காகிதத்தை மறுபடி எடுக்க வேண்டி வரும். அதற்குப் பயந்து பேசாமல் இருந்தேன்.

நடந்து பழகிய உடம்பு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எடை கூடியது. சர்க்கரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். என் பொய்தான் அவர் ஆயுளைக் குறைத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நடப்பதுதான் மருந்து என்று மருத்துவர் சொன்ன மனிதரிடமிருந்து நடையை எடுத்தவன் நான். இது உறுதியாகத் தெரியும். இதை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது.

என் வியாபாரக் கணக்கு தப்பவில்லை. வெள்ளத்துக்குப் பின்னால் 2019 கோடையில் வறட்சி. காய்க்குத் தட்டுப்பாடு. அந்த ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. தொழிலில் யாரும் அதுவரை பார்த்திராத விலை. நாங்கள் பிடித்து வைத்திருந்த சரக்கு நல்ல லாபம் கொடுத்தது. வீட்டில் மாடி எடுத்தோம். அப்பா, "முருகன் கொடுத்தாரு" என்றார். வழக்கம்போல லாபத்தில் ஒரு பங்கை அன்னதானத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். எந்தக் கையால் வந்த காசு, எதை விற்று வந்த காசு என்பது எனக்குத் தெரியும்.

2021 பொங்கல் கழிந்து சில நாட்களில், தூக்கத்திலேயே போனார். நினைவஞ்சலிச் சுவரொட்டிக்கு நான்தான் வாசகம் எழுதிக் கொடுத்தேன். பக்திமான், நாணயமான வியாபாரி, இயற்கையை நேசித்தவர் என்று எழுதினேன். கடைசி இரண்டரை ஆண்டுகளில் அவரை அந்த இயற்கைப் பக்கம் போக விடாதவன் எழுதிய வரி அது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருடைய நடைக் கூட்டாளி வந்திருந்தார். இலை எடுத்த பிறகு என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "ஒன்னையப் பத்தித்தான்யா பெருமையாப் பேசுவாரு. குறிஞ்சி பூத்தப்ப, வாங்கண்ணே ஜீப்புல போவோம்னு கூப்பிட்டேன். இல்லப்பா, பையன் டாக்டரு சொன்னத மறைக்காம எடுத்துச் சொல்லிட்டான், மனசு கஷ்டப்படுவேன்னு தெரிஞ்சும் சொன்னான் பாரு, அவன் பேச்சைத் தட்டக் கூடாதுன்னாரு."

மறைக்காமல் சொன்னேன் என்று என் அப்பா என்னைப் பாராட்டியிருக்கிறார். நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்தியைக் கவனிக்கப் போனேன். அவர் இருந்தவரைக்கும் பயந்தேன் என்றால், போன பிறகும் பயந்தேன். முதலில் சொன்ன பொய்யைவிட, பாராட்டை வாங்கிக்கொண்டு நின்ற அந்த நேரம்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மருத்துவக் கோப்பை நான் தூக்கிப் போடவில்லை. முதலில் தங்கையிடம் கொடுத்தேன். பள்ளிக்கூட ஆசிரியை. நின்றபடியே படித்தாள். நடையைப் பற்றிய வரியைத் திரும்பவும் படித்தாள். "இதுலதான் போகலாம்னு போட்டிருக்கேண்ணே" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பா எங்கிட்டக் கேட்டாரு, நீயும் ஒருவாட்டிப் படிச்சுப் பாக்குறியாம்மான்னு. அண்ணன் படிச்சா சரியாத்தான்ப்பா இருக்கும்னு நான் வாங்கவே இல்ல" என்றாள். என் பொய்யில் அவளையும் ஒரு பங்காளி ஆக்கியிருக்கிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அம்மாவிடம் சொல்லத்தான் நெடுநாள் ஆயிற்று. சொன்னேன். அம்மா அழவில்லை, திட்டவில்லை. "அப்ப பரமசிவன் கோயில் படியேறியிருக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். "ஏறியிருக்கலாம்மா" என்றேன். "கீழயே நின்னு கும்பிட்டாரே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இப்போது என்னோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள். ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தன் சார்பில் அவள் மன்னிக்கலாம், அப்பா சார்பில் மன்னிக்க அவளால் முடியாது.

வயதான பெற்றோருக்கு எது நல்லது என்று பிள்ளைகள் நாம்தான் இப்போது முடிவு செய்கிறோம். கோப்பு நம் கையில், மருத்துவரின் எண் நம் போனில், ஆங்கிலம் நம் வாயில். அவர்கள் நடமாட்டம், சாப்பாடு, பயணம், பணம், எல்லாவற்றுக்கும் நம் வாய்தான் தீர்ப்பு. அந்த இடத்தில் இருந்துகொண்டு நமக்குச் சௌகரியமானதை அவர்களுக்கு நல்லது என்று சொல்லிவிடுவது மிக மிக எளிது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஊரும் பாராட்டும். நான் செய்தது அதுதான். இதைப் படிக்கும் யாராவது அப்பாவின் கோப்பையோ அம்மாவின் கோப்பையோ கையில் வைத்திருந்தால், எழுதியிருப்பதை எழுதியபடி முழுக்கப் படித்துக் காட்டுங்கள். 'போகலாம்' என்று இருந்தால் போகலாம் என்றே சொல்லுங்கள். பயமாக இருந்தால் கூடப் போங்கள். வேறு காரணம் இருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பதா, ஒத்துக்கொள்வதா என்பது அவர்கள் உரிமை.

அடுத்த குறிஞ்சி 2030-ல். நீங்களாவது போய் அப்பாவுக்காகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தங்கையின் கணவர் ஆறுதலாகச் சொன்னார். போகலாம்தான். என் மகனைக் கூட்டிக்கொண்டு போவேன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். ஆனால் அது அப்பாவுக்கு நான் திருப்பிக் கொடுத்ததாக ஆகாது. அவர் பன்னிரண்டு ஆண்டு எண்ணிக் காத்திருந்த பூ 2018-ல் பூத்து, விதை விட்டுச் செத்துவிட்டது. அதை யாரும் அவருக்குப் பதிலாகப் பார்த்துக் கொடுக்க முடியாது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். நடைக் கூட்டாளியின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. காபி கொடுக்காமல் அனுப்பினார், அது நியாயம். இனி ஊரில் யாராவது, அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டவன் என்று என்னைச் சொன்னால், அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன்.